மூன்றாவது அச்சில் இருப்பது ஆழம் இல்லை, வேகம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழின் அறிவியல் பக்கத்தில் ஒரு கேலக்ஸியின் படம் போட்டிருந்தீர்கள். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம், நடுவில் முறுக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி ஓர் உருவம். அதன் கீழே ‘கேலக்ஸியின் முப்பரிமாணத் தோற்றம்’ என்று எழுதியிருந்தது. படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுதியதுதான் தவறு. அந்த கேலக்ஸி அப்படி முறுக்கிக்கொண்டு நிற்கவில்லை. எல்லாச் சுருள் கேலக்ஸிகளையும் போலத் தட்டையாகத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. படத்தில் நீளமும் அகலமும் வானத்தில் உள்ளவை. மூன்றாவது அச்சு மட்டும் வாயு எந்த வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது, எந்த வேகத்தில் விலகிப் போகிறது என்பதைக் காட்டுகிறது. ஆழத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நம்மிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்கிற இரண்டு வாயு மேகங்கள் வேகத்தில் வேறுபட்டால் அந்தப் படத்தில் எங்கெங்கோ போய் நிற்கும். பல லட்சம் ஒளியாண்டு தள்ளி முன்னும் பின்னுமாக இருக்கிற இரண்டு மேகங்களுக்கு ஒரே வேகம் என்றால் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இதைச் சொல்ல நான் வானியல் படித்தவன் இல்லை. காட்பாடியில் வீடு, வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. டெக்னீஷியன் வேலை. என் மெஷினிலும் இதே கதைதான். ஒரு தலையோ வயிறோ நூற்றுக்கணக்கான ஸ்லைஸாக வருகிறது, ஒவ்வொன்றும் 512-க்கு 512 புள்ளி. அடுக்கி வைத்தால் பெட்டி மாதிரி ஒரு கனம். எந்தத் திசையில் வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கலாம், மொத்தத்தையும் ஒரே படமாக அமுக்கியும் பார்க்கலாம். என் கனத்தில் மூன்றாவது அச்சு மில்லிமீட்டரில் இருக்கும், வானியல்காரர்களின் கனத்தில் அது கிலோமீட்டர்/வினாடியிலோ மெகாஹெர்ட்ஸிலோ நானோமீட்டரிலோ இருக்கும். அந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஸ்கேன் ரூமில் கைக்குப் பழகிய வேலை.

வானியலில் இதை டேட்டா க்யூப் என்கிறார்கள். நம் காவலூர் வானாய்வகத்தின் தொலைநோக்கியில் நிறமாலை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டை) எடுக்கும்போது பொதுவாக ஒரு குறுகிய பிளவு வழியாக ஒளியை விட்டு, அந்தக் கோட்டின் மேல் விழுகிற ஒளியை மட்டும் பிரிப்பார்கள். க்யூப் தருகிற கருவிகள் ஒரு பரப்பு முழுவதையும் எடுத்து, அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக நிறமாலை கொடுத்துவிடும். சிலியில் பரனால் மலையில் உள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றில் 2014 முதல் இயங்கும் ம்யூஸ் என்ற கருவி, ஒரே நேரத்தில் 300-க்கு 300, அதாவது 90,000 நிறமாலைகளை எடுக்கிறது. ரேடியோ தொலைநோக்கிகளின் தரவும் கணினியில் பதப்படுத்திய பின் இதே வடிவத்துக்கு வந்து சேர்கிறது. இவற்றில் பெரும்பகுதி கொஞ்ச காலத்துக்குப் பின் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று திறந்துவிடப்படுகிறது. திறக்கிற மென்பொருள்களும் இலவசம்.

நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது உங்கள் படத்துக்காக மட்டும் இல்லை. என் அக்கா மகள் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம் படித்தாள். ப்ராஜெக்ட் வைக்க வேண்டிய நேரம் வந்ததும், கூடப் படிக்கிற பாதிப் பேர் போகிற இடத்துக்கே இவளையும் போகச் சொல்லியிருக்கிறார்கள். ப்ராஜெக்ட் சென்டர். தலைப்பு அவர்களே தருவார்கள், முடிவும் அவர்களே தருவார்கள், பைண்டிங்கோடு சேர்த்து ஆறாயிரம். பெரும்பாலும் ஏதாவது ஒரு நானோ துகள், அதற்கு எங்கோ எடுத்த எக்ஸ்ரே வரைபடம். போன வருடம் ஒருவர் வைத்த அதே வரைபடம் இந்த வருடம் வேறு பெயரில் வரும். வாங்குகிற பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். லேபில் கருவி இல்லை, இருக்கிற கருவியைத் தொட விடுவதில்லை, மூன்று மாதத்தில் நூறு பக்கம் வேண்டும் என்றால் அவர்கள் எங்கே போவார்கள்?

“மாமா, நீங்க நைட் டியூட்டியில ஏதோ நட்சத்திரம் பார்ப்பீங்களே, அதை வெச்சு ஏதாவது செய்ய முடியுமா?” என்று கேட்டாள். முடியும் என்றேன். எடுத்துக்கொண்டது என்ஜிசி 3198. சப்தரிஷி மண்டலத்தின் பக்கம் இருக்கிற ஒரு சுருள் கேலக்ஸி, ஏறக்குறைய நாலரைக் கோடி ஒளியாண்டு தூரம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 25 மீட்டர் விட்டமுள்ள 27 தட்டுகளைக் கொண்ட விஎல்ஏ தொலைநோக்கி, பக்கத்தில் உள்ள 34 கேலக்ஸிகளின் ஹைட்ரஜன் வாயுவை அளந்து, 2008-ல் வெளியான திங்ஸ் என்ற ஆய்வில் இதுவும் ஒன்று. ஹைட்ரஜன் அணு 1420.4 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், தானாகவே மெல்லிய ரேடியோ அலை விடுகிறது. வாயு நகர்ந்தால் டாப்ளர் விளைவால் அந்த எண் கொஞ்சம் நகரும். க்யூபின் மூன்றாவது அச்சு இந்த நகர்வுதான். என்ஜிசி 3198 மொத்தமாக வினாடிக்கு 660 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை விட்டு விலகுகிறது. அதனால் அதன் அலை 1417.3 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து விழுகிறது.

எட்டு ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். டிஎஸ்9 என்ற மென்பொருளில் ஃபைலைத் திறந்ததும் ஸ்லைடர் வைத்த ஒரு சின்னப் பெட்டி கூடவே திறந்தது. படம் மட்டும் இருட்டு.

“இன்னா மாமா, ஒண்ணுமே இல்லாம வெறும் கருப்பா கீது?”

இது ஸ்கேன் ரூமில் புதிதாகச் சேருகிற பையன்கள் கேட்கிற அதே கேள்வி. எலும்புக்கு வைத்த விண்டோவில், அதாவது எலும்புக்கேற்ற வெளிச்ச அளவில், மூளையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. டிஎஸ்9-ல் மவுஸின் வலது பட்டனை அழுத்திக்கொண்டு இழுத்தால் கான்ட்ராஸ்ட் மாறும். இழுத்தாள். புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரிந்தது. பிறகு ஸ்லைடரை மெதுவாக நகர்த்தினாள். முதலில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு வெளிச்சம். அடுத்தடுத்த அடுக்குகளில் அது வளர்ந்து உள்ளே வந்தது, நடுவில் குறுக்கே பரவியது, பிறகு எதிர் மூலையில் போய்ச் சுருங்கி அணைந்தது. கேலக்ஸியின் மொத்த வேகத்தைக் கழித்துப் பார்த்தால், ஒரு முனை நம் பக்கம் வருகிறது, மறுமுனை விலகிப் போகிறது. கேலக்ஸி சுற்றுகிறது என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததைத் தன் விரலாலேயே ஓட்டிப் பார்த்தாள். திரும்பத் திரும்ப முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருந்தாள். அக்கா சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

வேடிக்கை பார்ப்பது சுலபம், அளப்பது அப்படி இல்லை. முதலில் ஃபைலின் தொடக்கத்தில் உள்ள தலைப்புக் குறிப்பைப் படிக்க வேண்டும். ஃபிட்ஸ் என்ற இந்த ஃபைல் வடிவம் 1981-ல் வெளியானது. துளை அட்டைக் காலத்து வழக்கப்படி ஒவ்வொரு வரியும் 80 எழுத்து, 36 வரி சேர்ந்தால் 2880 பைட் கொண்ட ஒரு கட்டு. அன்று எழுதிய ஃபைலை இன்றைய மென்பொருள் முகம் சுளிக்காமல் திறக்கிறது. வத்திக்கான் நூலகம்கூடத் தன் பழைய கையெழுத்துப் படிகளை ஸ்கேன் செய்து வைக்க இந்த வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறது என்பது உபரித் தகவல். தலைப்பில் சிஆர்பிக்ஸ்3, சிஆர்வால்3, சிடெல்ட்3 என்று மூன்று எண்கள் உண்டு. எந்த அடுக்கில், என்ன வேகம், ஓர் அடுக்குக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று அவை சொல்லும். பெரும்பாலும் மீட்டர்/வினாடியில் இருக்கும், கிலோமீட்டர் என்று நினைத்துக்கொண்டு போனால் ஆயிரம் மடங்கு பிசகும். ஃபிட்ஸில் எண்ணிக்கை ஒன்றில் தொடங்குகிறது, பைத்தான் என்ற நிரல் மொழியில் பூஜ்யத்தில். பைத்தானில் அச்சுகளின் வரிசையும் தலைகீழாகிவிடும், வேகம்தான் முதலில் வந்து நிற்கும். ரேடியோ தரவில் பல சமயம் நான்காவதாக ஓர் அச்சும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் நீளம் ஒன்றுதான், ஆனால் இருக்கிறது என்று தெரியாவிட்டால் நிரல் ஓடாது.

வேகம் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ரேடியோக்காரர்கள் அதிர்வெண் மாற்றத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள், ஒளித் தொலைநோக்கிக்காரர்கள் அலைநீள மாற்றத்தை வைத்து. என்ஜிசி 3198 மாதிரி பக்கத்துக் கேலக்ஸிக்கு இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் வினாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்தான், ஓர் அடுக்கின் தடிமனைவிடக் குறைவு. பத்தாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிற கேலக்ஸிக்கு அதே வித்தியாசம் முந்நூறைத் தாண்டிவிடும். ஸ்பெக்ட்ரல்-க்யூப் என்ற பைத்தான் நூலகத்தில், அடிப்படை அதிர்வெண்ணையும் எந்த முறை என்பதையும் சொல்லிவிட்டால் அச்சை அதுவே மாற்றித் தரும். சொல்லாவிட்டால் தலைப்பில் உள்ளதை நம்பிக்கொண்டு போகும்.

அப்புறம் வெட்டுவது. கேலக்ஸியின் வாயு ஏறக்குறைய வினாடிக்கு 510 முதல் 810 கிலோமீட்டர் வரை உள்ள அடுக்குகளில்தான் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் இப்பாலும் அப்பாலும் விட்டு வெட்டிக்கொண்டால் வேலை லேசாகும். 1024-க்கு 1024 புள்ளி, 70 அடுக்கு என்றால், ஒரு புள்ளிக்கு நான்கு பைட் வீதம் முப்பது கோடி பைட்டுக்குக் கொஞ்சம் குறைவு, அதைப் பழைய லேப்டாப் தாங்கும். ம்யூஸ் க்யூப் ஒன்று மூன்று ஜிபியை நெருங்கும், நடுநடுவே பிரதி எடுக்கிற மென்பொருளில் எட்டு ஜிபி ரேம் மூச்சு வாங்கும். ஸ்பெக்ட்ரல்-க்யூப் இந்த விஷயத்தில் விவரமானது, பெரிய கனத்தை மொத்தமாக நினைவகத்துக்குத் தூக்கச் சொன்னால் மறுத்துவிட்டு, கட்டாயம் வேண்டுமா என்று கேட்கும்.

வெட்டிய பின் எல்லா அடுக்குகளையும் கூட்டினால் வாயு எங்கே எவ்வளவு என்று ஒரு படம் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சத்தின் எடை போட்டு வேகத்தைச் சராசரி எடுத்தால் இன்னொரு படம். உங்கள் இதழில் வந்த சிவப்பும் நீலமும் இந்த வேகத்தின் நிறங்கள்தான். கேலக்ஸியின் நடுவோடு ஒப்பிட்டால் சிவப்பு விலகுவது, நீலம் நெருங்குவது, சூடு குளிர் இல்லை. இந்தச் சராசரியை இரைச்சலை நீக்காமல் எடுத்தால் கேலக்ஸிக்கு வெளியே வெறும் வானத்தில் கண்டபடி வேகங்கள் வரும். அங்கே வெளிச்சத்தின் கூட்டுத்தொகை பூஜ்யத்தை ஒட்டி இருப்பதால், அதால் வகுக்கும்போது எண் எங்கோ எகிறிவிடுகிறது. ஆகவே வாயு இல்லாத ஓர் அடுக்கை எடுத்து இரைச்சலின் அளவை முதலில் அளக்க வேண்டும். பிறகு க்யூபின் ஒரு பிரதியைக் கொஞ்சம் மழுப்பி, அதில் இரைச்சலைவிடத் தெளிவாக உயர்ந்து, அடுத்தடுத்த மூன்று அடுக்கிலாவது தொடர்ந்து தெரிகிற இடங்களை மட்டும் குறித்து, அந்தக் குறியை மழுப்பாத அசலின் மேல் வைக்க வேண்டும். இரைச்சல் ஓர் அடுக்கில் துள்ளும், மூன்று அடுக்கில் அதே இடத்தில் துள்ளுவது அபூர்வம். என் தொழிலிலும் ஒரே ஒரு ஸ்லைஸில் மட்டும் தெரிகிற புள்ளியை டாக்டர்கள் அவ்வளவு சீக்கிரம் நம்புவதில்லை.

கடைசி வெட்டு கேலக்ஸியின் நீண்ட அச்சு வழியாக. கார்ட்டா என்ற மென்பொருளில் ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டின் மேல் தூரம் ஒரு பக்கம், வேகம் ஒரு பக்கம் என்று படம் வரைந்து தருகிறது. நடுவிலிருந்து போகப் போக வேகம் விறுவிறு என்று ஏறுகிறது, பிறகு சமமாகப் படுத்துவிடுகிறது. கேலக்ஸி நமக்குச் சாய்ந்து தெரிவதற்குத் திருத்தம் போட்டால் வினாடிக்கு 150 கிலோமீட்டர் பக்கம் நிற்கிறது, கடைசி வரை இறங்கவே இல்லை. நட்சத்திரங்களின் வெளிச்சம் முடிந்து வெகுதூரம் தாண்டியும் வாயு அதே வேகத்தில் சுற்றுகிறது. கண்ணுக்குத் தெரிகிற பொருள் மட்டும் இருந்தால், சூரியனிடமிருந்து விலக விலகக் கோள்கள் மெதுவாகச் சுற்றுவது போல இதுவும் இறங்கியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பு மட்டும் காட்டுகிற கரும்பொருள் உண்டு என்பதற்கு 1985-ல் எடுத்துக்காட்டாக ஆராயப்பட்டது இதே கேலக்ஸிதான். அந்தத் தட்டையான கோட்டைக் குடியாத்தத்தில் ஒரு வீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சின்ன அறையில் உட்கார்ந்து ஒரு பெண் தானாக வரைந்தாள்.

கல்லூரியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? “சொந்தமாகச் சோதனை செய்யவில்லையே, இன்டர்நெட்டில் இறக்கியதுதானே” என்றார்கள். பணம் கொடுத்து வாங்கிய வரைபடத்துக்கு யாரும் இந்தக் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை. உலகம் முழுக்க முனைவர் பட்டங்களே இப்படிக் காப்பகத் தரவில் வாங்குகிறார்கள். மாங்கா என்ற ஓர் ஆய்வு மட்டும் ஏறக்குறைய பத்தாயிரம் கேலக்ஸிகளின் க்யூப்களை 2021-ல் முழுதாக வெளியிட்டு முடித்தது. எடுத்தவர்களே உட்கார்ந்து பார்த்து முடிக்கிற கணக்கா அது? கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், குறி வைத்த அளவை ஏன் அங்கே நிறுத்தினாய், கொஞ்சம் கூட்டினால் வேகப் படம் எப்படி மாறும் என்று கேட்டாராம். இவள் லேப்டாப்பைத் திறந்து எண்ணை மாற்றி அங்கேயே ஓட்டிக் காட்டியிருக்கிறாள். பைண்டிங் வாங்கியவர்களிடம் கேட்க அவருக்கு ஒன்றும் இருந்திருக்காது.

எனக்கு ஆதங்கம் இதுதான். பழைய வடாற்காட்டுக்காரர்களான நமக்குக் காவலூர் சொந்த ஊர் மாதிரி. 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் திருப்பத்தூர் பக்கம் போய்விட்டது, இருந்தாலும் ஆலங்காயம் தாண்டி மலை ஏறினால் வந்துவிடுகிற தூரம்தான். 1977-ல் யுரேனஸுக்கு வளையம் இருப்பதைக் கண்ட இடங்களில் அதுவும் ஒன்று. 1986-ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குப் பெயர் கொடுத்த வைணு பாப்பு, நட்சத்திர நிறமாலையில் கால்சியம் கோட்டின் அகலத்தை அளந்து அதன் உண்மையான பிரகாசத்தைச் சொல்லலாம் என்று 1957-ல் கண்டவர்களில் ஒருவர். நிறமாலையே அவர் தொழில். நம் கல்லூரிகள் வருடா வருடம் பஸ் வைத்து மாணவர்களை அங்கே சனிக்கிழமை கூட்டிப் போகின்றன. வரிசையில் நின்று பார்த்து, குரூப் போட்டோ எடுத்து, வாணியம்பாடியில் பிரியாணி சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். நானும் போயிருக்கிறேன், பிரியாணியில் எனக்கு ஆட்சேபணை இல்லை. திங்கட்கிழமை லேபுக்கு வந்ததும் ஒரு க்யூபைத் திறந்து வைத்தால் என்ன என்பதுதான் கேள்வி.

இதற்குக் கருவி வாங்க வேண்டாம், டெண்டர் வேண்டாம். இயற்பியல் துறைகளில் சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர்களில் நாலைந்து போதும். நெட் மெதுவாக இருக்கிற ஊர்களில் ஆசிரியர் ஒருவர் ஒரு தடவை இறக்கிப் பென் டிரைவில் கொடுத்தால் வகுப்பு முழுக்க ஓடும். உங்கள் கல்வி மலரில் ப்ராஜெக்ட் தலைப்புகள் என்று பக்கம் ஒதுக்குகிறீர்களே, அதில் இதையும் போடுங்கள். படிப்படியாகத் தமிழில் எழுதித் தர நான் தயார், காசு வேண்டாம்.

தொடங்க நினைக்கிற ஆசிரியர்களுக்கு ஒன்று: புனே பக்கத்தில் நம் நாட்டு ரேடியோ தொலைநோக்கியான ஜிஎம்ஆர்டியின் 30 தட்டுகள் எடுத்த தரவும் காப்பகத்தில் உண்டு, ஆனால் அது நேராக க்யூபாக வராது. காசா மாதிரி மென்பொருளில் முதலில் படமாக்க வேண்டும், அதற்கே ஒரு செமஸ்டர் போகும். முதல் வருடம் அந்தப் பக்கம் போகாதீர்கள். ம்யூஸும் வேண்டாம், 16 ஜிபி ரேம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். திங்ஸ் ஆய்வின் க்யூப்கள் ஜெர்மனியில் ஹைடல்பெர்க்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வானியல் நிறுவனத்தின் தளத்தில் கிடைக்கின்றன. என்ஜிசி 3198-ஐயே எடுங்கள். அதன் வேகம், சாய்வு, தூரம் எல்லாம் முன்பே அச்சில் இருப்பதால் மாணவர் போட்ட கணக்கு சரியா என்று அன்றைக்கே பார்த்துவிடலாம். அது முடிந்தவர்களுக்கு அதே தளத்தில் இன்னும் 33 கேலக்ஸிகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
சி.டி. ஸ்கேன் டெக்னீஷியன்,
காட்பாடி.